சும்மா நிற்கிறார்

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. சிறுநீரகத்தில் சீழ் வைத்துச் சாகக் கிடந்தவருக்கு ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியைத் தொடர்ந்து போட்டார்கள். ஊசி ஆளைக் காப்பாற்றியது. கூடவே, காதுக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நம்மை விழாமல் நிறுத்துகிற ஏதோ ஒன்றைத் தீர்த்துக்கட்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கும். நிற்கத்தான் முடியாது. "உயிர் பெருசா, பேலன்ஸ் பெருசா?" என்று டாக்டர் கேட்டார். பந்தியில் இரண்டாவது முறை இனிப்புக் கேட்டவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்.

அவருக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. ஓடுகிற பஸ்ஸில், திருப்பத்தில்கூடக் கம்பியைப் பிடிக்காமல், இடுப்பை மட்டும் லேசாக ஒடித்து நின்று டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். நான் அவரை முதன்முதலில் கவனித்ததே அந்த நிற்கிற அழகைப் பார்த்துத்தான். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்த பிறகு, முகம் கழுவக் கண்ணை மூடினால் குழாயின் மேல் விழுந்தார். இருட்டில் விழுந்தார். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள் என்று திரும்பி, கூப்பிட்டவர் மேலேயே விழுந்தார். கீழ்வீட்டு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காலங்காத்தாலயே ஆரம்பிச்சுடறாரா?" என்று அனுதாபத்தோடு விசாரித்தாள். அந்த அனுதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாப்பா பிறந்தது இதற்குப் பிறகு. எங்கள் பாப்பாவுக்கு ஒரு குணம். மடியில் வைத்தால் தூங்காது. தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தால்தான் தூங்கும். அவரால் அது முடியுமா? சுவர் மூலையில் உட்காருவார், இரண்டு பக்கமும் தலையணை வைப்பேன், அதற்குப் பிறகுதான் குழந்தையைக் கொடுப்பேன். பாப்பா இரண்டு நிமிஷம் அவர் மூக்கைப் பிடித்து விளையாடிவிட்டு வீறிடும். நான் தையல் மெஷினை விட்டு எழுந்துபோய் வாங்கி நடப்பேன். உடனே அழுகை நிற்கும். அவர் மூலையிலிருந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சொன்னார்: "வேல போனா போகட்டும். இவள ஒரு தடவ நின்னுக்கிட்டுத் தூக்கணும்."

அதற்காகத்தான் புலன் மேம்பாட்டு வாரியத்துக்குப் போனோம்.

வாரியத்தைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது, பெரிய கட்டடம். இல்லாத புலனுக்குப் பதில் இன்னொரு புலனைக் கொடுப்பது அவர்கள் வேலை. கண் தெரியாதவர்களுக்கு முதுகில் படம் காட்டுகிற பெல்ட், காது கேட்காதவர்களுக்கு மணிக்கட்டில் அதிர்கிற பட்டை, இப்படி. தலை சுற்றுகிறவர்களுக்கான பிரிவு மூன்றாவது மாடியில், சுழல் படிக்கட்டு வழியாகப் போக வேண்டும். லிஃப்ட் உண்டு. அது அதிகாரிகளுக்கு, அவர்களுக்குத் தலை சுற்றுவதில்லை என்றாலும். நான் பாப்பாவை இடுப்பிலும் அவரைத் தோளிலும் போட்டுக்கொண்டு ஏறினேன்.

அவருக்குக் கொடுத்தது ஒரு தகடு. பல்செட் மாதிரி மேலண்ணத்தில் பொருந்திக்கொள்ளும். அதில் பதினாறு புள்ளிகள். தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் புள்ளி நாக்கில் சுருக்கென்று குத்தும். வாய் சொல்வதைக் கேட்டு மூளை உடம்பை நிமிர்த்த வேண்டும். தினமும் காலையில் பயிற்சி. பயிற்சிக்கு முன்னால் எல்லோரும் எழுந்து நின்று வாரியத்தின் உறுதிமொழியைச் சொல்ல வேண்டும். நிற்க முடியாதவர்கள் அத்தனை பேரையும் கையை நெஞ்சில் வைத்து நிற்கச் சொன்னால் என்ன ஆகும்? "நான் உணர்வேன்" என்கிற முதல் வரியிலேயே முன்வரிசை சரிந்தது. மீதி உறுதிமொழியைத் தரையிலிருந்தபடியே சொன்னார்கள். பயிற்சியாளர் அம்மா, "குரல் இன்னும் நல்லா வரணும்" என்றார்.

பயிற்சி என்பது இதுதான். ஒரு மரமேடை மேல் ஏறி நிற்க வேண்டும், சுற்றிலும் கம்பி. மேடை இப்படியும் அப்படியும் சாயும். எந்தப் புள்ளி குத்துகிறது என்று உரக்கச் சொல்ல வேண்டும். "நாலு! ஏழு! ஏழு! பதிமூணு!" கூடமே சந்தைபோல இருக்கும். என் வீட்டுக்காரர் இதில் கெட்டிக்காரர். ஆயிரம் பேர் கூச்சலில் யார் எந்த ஸ்டாப் கேட்டார் என்று நினைவு வைத்த வாயும் காதும் ஆயிற்றே. முதல் வாரத்திலேயே பாராட்டினார்கள். வீட்டில் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. நின்று, எண்ணி, யோசித்து, உடம்பைத் திருப்புவதற்குள் விழுந்திருப்பார். ஆனால் எந்த எண்ணில் விழுந்தார் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவார்.

அவரைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு வருஷமாக வருகிறவர். ஒரு புள்ளிகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அந்த மாதம் நூற்றுக்கு நூறு வாங்கினார். சான்றிதழ் வாங்க எழுந்து மேடைக்குப் போகிற வழியில், "பதினொண்ணு, பதினொண்ணு" என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டே நாற்காலி வரிசைமேல் சாய்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பதினொன்று சரிதான்.

இரண்டாவது மாதம் போய்க்கொண்டிருந்தபோது அது நடந்தது. நான் ஜன்னலோரம் ஒரு பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். தொட்டிலில் பாப்பா சிணுங்கியது. கையிலிருந்த தையலைப் பாதியில் விட முடியாமல், "தோ வர்றேண்டி" என்று குரல் மட்டும் கொடுத்தேன். சிணுங்கல் நின்றுவிட்டது. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், அவர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கிறார். முதுகைத் தட்டுகிறார். சுவரில்லை, தலையணையில்லை. வாயைத் திறந்தால் அவருக்கு நினைவு வந்து விழுந்துவிடுவாரோ என்று பயந்து, மெஷினை மிதிப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு அழுதேன். பாப்பா தூங்கிய பிறகு தொட்டிலில் போட்டுவிட்டு வந்தார்.

"என்னங்க, குத்தலையா?" என்று கேட்டேன்.

"எது?"

"தகடு."

நாக்கால் மேலே தடவிப் பார்த்தார். "இருக்குது. வேல செய்யுது போல. ஆனா குத்துறது தெரியல. நான் சாயுறது மட்டும் தெரியுது. முன்னாடி தெரிஞ்ச மாதிரியே."

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிறவள் நான். உடம்பு ஒரு பொருளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் பிறகு அதைத் தனியாகக் கணக்கில் வைப்பதில்லை. மூளை பாடம் படித்துவிட்டது, புத்தகத்தை மூடிவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. முதலில் கீழ்வீட்டு அம்மாவிடம் சொன்னேன். "குடிய விட்டுட்டாரா? ரொம்ப சந்தோஷம்" என்றாள். போகட்டும். வாரியத்தில் சந்தோஷப்படுவார்கள் என்று நம்பி அடுத்த நாள் போனோம். அன்று அவர் சுழல் படியில் தானே ஏறினார்.

மாதாந்தரச் சோதனை. உணர்வுச் சரிபார்ப்பு அலுவலர் என்று ஒருவர். மேடை சாய்ந்தது. இவர் கம்பியைப் பிடிக்காமல், இடுப்பை லேசாக ஒடித்து நின்றார். எனக்குப் பழைய பஸ் ஞாபகம் வந்தது.

"எந்தப் புள்ளி?" என்றார் அலுவலர்.

"ஒண்ணும் குத்தல சார்."

மேடையை வேகமாகச் சாய்த்தார்கள். "இப்ப?"

"இப்பவும் இல்ல சார்."

"அப்ப எப்படி நிக்கிறீங்க?"

"சும்மாதான் சார் நிக்கிறேன்."

அலுவலர் பேனாவை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, 'பயனாளி சும்மா நிற்கிறார்' என்று எழுதினார். எழுதியதை எங்களுக்குப் படித்தும் காட்டினார். ஏதோ பொறுக்கித்தனம்போல இருந்தது கேட்க.

அதிலிருந்து பிடித்தது சனி. தகடு பழுது என்று கழற்றிச் சோதித்தார்கள். அதற்குள் இவர் பெஞ்சிலிருந்து சரிய, நான் பிடித்துக்கொண்டேன். தகடு நன்றாக இருந்தது. அப்படியானால் நாக்குதான் கெட்டிருக்க வேண்டும் என்று நாக்குப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே சர்க்கரை, உப்பு, வேப்பிலைச் சாறு எல்லாம் வைத்தார்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். நாக்கும் நன்றாக இருந்தது. தகடு நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, உணர்வு மட்டும் இல்லை என்றால் ஆளிடம்தான் கோளாறு என்று மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் மிகவும் மென்மையாகப் பேசினார்.

"மத்தவங்க எவ்வளவு நன்றியோட நாலு, ஏழுன்னு சொல்றாங்க. உங்களுக்கு வாரியத்து மேல ஏதாவது மனஸ்தாபமா?"

"இல்லைங்க. நல்லா நிக்கிறேங்க. அதான்."

"பாத்தீங்களா, திரும்பத் திரும்ப 'நிக்கிறேன், நிக்கிறேன்'னே சொல்றீங்க. உங்களப் பத்தியே பேசறீங்க. தகட்டைப் பத்தி ஒரு வார்த்தை வரல."

எனக்குப் பொறுக்கவில்லை. இரவோடிரவாக அந்தப் பதினாறு புள்ளிப் படத்தை அவரை மனப்பாடம் செய்ய வைத்தேன். "மேடை சாயுறது தெரியுதுல்ல? அந்தப் பக்கத்து நம்பர அடிச்சு விடுங்க. ஊருல எவன் யோக்கியன்?" மறுமுறை சோதனையில் அடித்து விட்டார். ஆனால் பாருங்கள், மேடை சாய்ந்தாலும் இவர் சாயவில்லை. தலை நேராக இருந்தது. எந்தப் புள்ளியும் குத்த வேண்டிய அவசியமே வரவில்லை. புள்ளி குத்தினால் காட்டுகிற திரை ஒன்று அலுவலர் பக்கம் இருந்தது. அதில் ஒன்றுமில்லாதபோது இவர் "ஒம்போது" என்றார். பொய்யுணர்வு என்று ஒரு குற்றம் கூடியது.

பிறகு மறுபயிற்சி. புதிதாக வந்தவர்களோடு முதல் பாடத்திலிருந்து. பயிற்சியாளர் அம்மா நல்லவர்தான். இவர் பக்கத்திலேயே நின்று, "எங்கயும் யோசிக்காதீங்க, வாயையே கவனிங்க, வாய்லயே இருங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். இவரும் வீம்பு பிடிக்காமல் வாயிலேயே இருந்தார். ஒரு வாரம் போனது. பேசிக்கொண்டே போகிறவர் திடீரென்று பாதி வாக்கியத்தில் நின்று நாக்கைத் துழாவ ஆரம்பித்தார். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தார். ஒருநாள் பயிற்சிக் கூடத்து வாசலில் சட்டென்று, "நாலு!" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நாலாம் புள்ளிப் பக்கமாக விழுந்தார். முழங்கை கிழிந்தது.

பயிற்சியாளர் அம்மா கைதட்டிக்கொண்டே ஓடி வந்தார். "வந்துடுச்சு! வந்துடுச்சு! நான் சொன்னேன்ல?" டைப்பிஸ்ட் ஐயா தன் நாற்காலியிலிருந்தே வாழ்த்தினார்.

அன்று சாயங்காலம் பாப்பா அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். பாப்பா கொஞ்ச நேரம் நீட்டிய கையோடேயே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பியது.

விளக்கணைத்த பிறகு, "நான் இனிமே நம்பர் சொல்லப் போறதில்ல" என்றார்.

"தகட்டப் புடுங்கிக்குவாங்களே, என்னங்க?"

"நம்பர் தெரிஞ்சா கால் போயிடுது. கால் இருந்தா நம்பர் வரல. ரெண்டும் வேணும்னா நான் எங்க போவேன்?"

மறுபடி வாயை மறக்க அவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. வாரியத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். நான் தைத்த துணிக்குப் பொத்தான் வைத்தார், ரேடியோ கேட்டார், பாப்பாவிடம் பழைய ரூட் ஸ்டாப்புகளை வரிசையாக ஒப்பித்தார். ஒருநாள் தானாகவே எழுந்து தூக்கினார். அந்த வாரத்திலேயே, உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த வாரியத்து ஆள், அவர் பாப்பாவோடு நடப்பதைப் பார்த்துவிட்டு, முழு வாரியத்தின் முன்னால் ஆஜராகும்படி சொல்லிவிட்டுப் போனார்.

முழு வாரியம் என்பது நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் தலைவர். தலைவருக்கு ஒரு பக்கம் உறுப்பினர் செயலர், மறுபக்கம் சரிபார்ப்பு அலுவலர். எதிரே சாயும் மேடையைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். விசாரணைக்கு முன்னால் உறுதிமொழி. தலைவர் உட்பட ஐந்து பேரும் எழுந்தார்கள். தலைவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

செயலர் எல்லாவற்றையும் படித்தார். சும்மா நின்றது, பொய்யுணர்வு, மறுபயிற்சியில் பெற்ற உணர்வை வேண்டுமென்றே இழந்தது.

நான் எழுந்தேன். "ஐயா, நான் தைக்கிறவ. கத்தரிக்கோல் புடிக்கப் பழகறப்ப விரல் வளையம்தான் உறுத்தும். பழகிட்டா வளையம் தெரியாது, கத்தரி முனையில துணிதான் தெரியும். தடிசா மெல்லிசான்னுகூட முனையிலயே தெரியும். இவருக்கும் அப்படித்தான். தகடு தெரியாமப் போனதுதான் தகடு வேல செய்யுதுங்கறதுக்கு அடையாளம்."

தலைவர் பொறுமையாகத் தலையாட்டினார். நல்ல கேள்வி கேட்ட மாணவியைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"நல்ல உதாரணம்மா. ஆனா துணி உங்களோடது. வளையம்தான் வாரியத்தோடது. எங்க பொருள் உங்க விரல்ல உறுத்துதான்னு தெரிஞ்சுக்கற பொறுப்பு எங்களுக்கு இருக்கு. உறுத்தலைன்னா நாங்க ஒண்ணும் குடுக்கலைன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்."

"அதான் நிக்கிறாரே ஐயா!"

"நிக்கிறது எங்க துறையில வராது. நிக்கிறது இயற்கை. நாங்க குடுக்கறது உணர்வு." பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துக் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு பயனாளிகூட எங்கள விட்டுப் போனதில்ல. ஆறு வருஷம், ஏழு வருஷம்னு வர்றாங்க. இன்னிக்கும் அவங்களால நாங்க இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அதுதான் எங்க வெற்றி. இவர் என்னடான்னா ரெண்டு மாசத்துல எங்கள உணரலைங்கறார். வரிசையில எத்தன பேர் உணரக் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?"

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் பாப்பா முழித்துக்கொண்டு வீறிட்டது. நான் தோளில் போட்டுத் தட்டினேன், குலுக்கினேன். இன்னும் கத்தியது. அழுகையில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை.

"கடைசி வாய்ப்பு. மேடையில ஏறுங்க!" என்று சரிபார்ப்பு அலுவலர் கத்தினார்.

இவர் என் பக்கம் வந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார். மேடையில் ஏறினார். நான் தடுப்பதற்குள் அலுவலர் பொத்தானை அழுத்திவிட்டார். மேடை இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, முன்னால் குனிந்தது. இவர் ஒரு கையால் பாப்பாவை அணைத்து, மறுகையால் முதுகைத் தட்டிக்கொண்டு, அதன்மேல் நின்றார். பாப்பாவுக்கு அந்த ஆட்டம் பிடித்துவிட்டது. அழுகை விம்மலாகி, விம்மல் பெருமூச்சாகி, அவர் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனது. மேடை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் ஐந்து பேரும் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு நிமிஷம், எனக்கு அவர்கள்மேல்கூடக் கோபம் இல்லாமல் போனது.

"இப்ப எங்க குத்துது?" என்றார் செயலர்.

"புள்ள தூங்குது சார். மெதுவாப் பேசுங்க."

செயலர் அதையும் எழுதிக்கொண்டார். ஐந்து பேரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். குழந்தை தூங்குகிறது என்பதால் கிசுகிசுத்தார்கள் என்றுதான் நான் நினைத்தேன். தலைவர் நிமிர்ந்தார். கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்காததால், உணர்வு இல்லை என்று வாரியம் ஒருமனதாகக் கருதுவதாக, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். மேடையை நிறுத்தினார்கள். சரிபார்ப்பு அலுவலர் கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, ஒரு சிறு தட்டை நீட்டியபடி வந்தார்.

"வாயத் திறங்க" என்றார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் இவர்.

மேடையிலிருந்து இறங்கி, நேராக நடந்து என்னிடம் வந்தார். பாப்பாவின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, தூக்கம் கலையாமல் என் தோளுக்கு மாற்றினார். கையை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். சுவரோரம் போய், முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்து, வாயைத் திறந்தார்.